செல்லுக்குள் ஒரு டிக்கெட் கவுன்ட்டர்!

"நான் என்னடா தப்பு பண்ணினேன்?"

பெரியப்பா இதைக் கேட்டபோது வார்டில் ஃபேன் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

பெரியப்பாவைப் பற்றி இரண்டு வரி. முப்பத்து நாலு வருஷம் கருவூலத்தில் வேலை. காபியைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் கொடுக்கும் வெற்றிலையைக்கூட சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து பெரியம்மாவிடம் ஒப்படைக்கிற ஆசாமி. அப்பேர்ப்பட்டவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆறு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. 'மூலமாக இருக்கும்' என்று அவரே தீர்ப்பு எழுதி, துத்திக் கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரைப் பார்க்கப் போன நானோ, வாசல் டீக்கடையில் ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு, வாயில் புதினா மிட்டாயோடு யோக்கியன் போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் போன ஜென்மத்துப் பாவம் சார்" என்றார் பக்கத்து பெட்காரரின் மச்சான், ஆப்பிள் நறுக்கியபடி.

எனக்குச் சுருக்கென்றது. "அதெல்லாம் இல்லை பெரியப்பா. இது வந்து... செல்லு இருக்கில்ல, அது வந்து..." என்று வீராவேசமாக ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டேன். நான் பி.காம்.! டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். செல் என்றால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது சட்டைப் பையில் இருந்தது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. பெரியப்பாவின் கேள்விக்கு ஒரு பாதி பதில் கிடைத்திருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

★ ★ ★

முதலில் ஜெராக்ஸ் வேலை.

உங்கள் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் இருக்கிறது. (ரத்தச் சிவப்பணு மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, விட்டுவிடலாம்.) பிரித்து நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர், உங்களைவிட உயரம். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு டப்பிக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. அதில் ஏ, டி, ஜி, சி என்று நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தில் மொத்தம் 600 கோடி எழுத்து நீளத்துக்கு உங்கள் ஜாதகம்.

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், இந்த 600 கோடியையும் ஒரு காப்பி எடுத்தாக வேண்டும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸானவர் நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடிப்பார். அவரை உட்காரவைத்து, தூக்கம், டீ, பக்கத்து சீட்டுக்காரரோடு அரட்டை எதுவும் இல்லாமல் அடிக்கச் சொன்னால் ஐம்பது வருஷம் ஆகும். செல் இதை முடிக்கிற நேரம் சுமார் எட்டு மணி நேரம். சரியாக ஒரு ஆபீஸ் நாள்!

எப்படி முடிகிறது? காப்பி எடுக்கும் புரத எந்திரம் ஒன்றும் மின்னல் வேகமில்லை. விநாடிக்கு ஏறக்குறைய 50 எழுத்து. ஒரே இடத்தில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் போனால், நம்மிடம் உள்ளதிலேயே பெரிதான முதல் குரோமோசோமுக்கு மட்டும் ஒரு மாதம் ஓடிவிடும். அதனால் செல் ஒரு காரியம் செய்கிறது. பல்லாயிரக்கணக்கான இடங்களில் காப்பியை ஆரம்பிக்கிறது. முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். ஆடிட்டர் ஆபீஸில் நான் எடுபிடியாக இருந்த காலத்தில், ஒரு கம்பெனியின் 300 பக்க ஃபைலை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினார்கள். சீக்கிரம் முடியட்டுமே என்று மூன்று மெஷினில் பிரித்துக் கொடுத்தேன். வந்து பார்த்தால் 117-ம் பக்கம் இல்லை. 204-ம் பக்கம் இரண்டு இருந்தது. ஆடிட்டர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று மெஷினுக்கே இந்த லட்சணம். ஐம்பதாயிரம் இடத்தில் ஒரே சமயத்தில் காப்பி நடக்கும்போது, எந்தப் பக்கமும் விட்டுப்போகக் கூடாது. எந்தப் பக்கமும் இரண்டாம் தடவை எடுக்கப்படக் கூடாது. அதுவும் ஒருமுறை இரண்டு முறை இல்லை, நீங்கள் பிறந்ததிலிருந்து கோடானுகோடி தடவை.

செல்லின் நிஜமான சாமர்த்தியம் காப்பி எடுப்பதில் இல்லை. ஒரு தடவை எடுத்ததும் நிறுத்துவதில்தான்.

★ ★ ★

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு நல்ல கதை.

1970-ல் அமெரிக்காவில் பி.என்.ராவ், ஆர்.டி.ஜான்சன் என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். காப்பி எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு செல்லையும், இன்னும் காப்பியே ஆரம்பிக்காத ஒரு செல்லையும் ஒட்டவைத்து ஒன்றாக்கினார்கள். ஆரம்பிக்காதது உடனே ஆரம்பித்துவிட்டது. சரி, காப்பி எடுப்பவனைப் பார்த்து இவனுக்கும் தொற்றிக்கொண்டது. அடுத்தபடியாக, காப்பி எடுத்து முடித்த ஒரு செல்லை அதே மாதிரி ஒட்டினார்கள். அது அசையவில்லை! பக்கத்தில் கல்யாணமே நடந்தாலும் நான் சாப்பிட்டாச்சு என்று உட்கார்ந்திருந்தது.

அப்படியானால், முடிந்த செல்லில் ஏதோ ஒன்று குறைகிறது. 1988-ல் இங்கிலாந்தில் ஜூலியன் ப்ளோ, ரான் லாஸ்கி என்ற இருவர், தவளை முட்டையின் சாற்றை வைத்து ஆராய்ந்து அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: லைசென்ஸ். காப்பி எடுக்க லைசென்ஸ் வேண்டும். ஒரு தடவை எடுத்தால் லைசென்ஸ் காலி. செல் இரண்டாகப் பிரிந்த பிறகுதான் புது லைசென்ஸ்.

லைசென்ஸ் என்றால் நமக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஞாபகம் வந்து பயமாக இருக்கும். நான் சினிமா தியேட்டர் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் தியேட்டரில் டிக்கெட் கவுன்ட்டர் ஒரு குகை மாதிரி இருக்கும். கவுன்ட்டர் திறந்திருக்கும்போது உள்ளே போகும் கேட் மூடியிருக்கும். டிக்கெட் கொடுத்து முடித்ததும் மணி அடிக்கும். கவுன்ட்டர் பலகை 'டப்'பென்று சாத்தப்படும். அப்புறம்தான் கேட் திறக்கும். கேட்டில் நிற்கிறவர் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கொடுப்பார். கிழித்த டிக்கெட்டைக் காட்டி இன்னொரு ஷோ பார்க்க முடியாது. தியேட்டர் காலியாகி, கூட்டிப் பெருக்கிய பிறகே மறுபடி கவுன்ட்டர்.

விஷயம் இவ்வளவுதான்: கவுன்ட்டரும் கேட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது.

செல்லுக்குள் நடப்பதும் இதேதான். டிக்கெட்டின் பெயர் எம்.சி.எம். ஆறு புரதங்கள் கைகோத்து நிற்கும் ஒரு மோதிரம். செல் அமைதியாக இருக்கும் கட்டத்தில், காப்பி ஆரம்பிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் இந்த மோதிரங்கள் நூலில் மாட்டப்படும். அதாவது கவுன்ட்டர் திறந்திருக்கிறது. யாரும் உள்ளே போக முடியாது. பிறகு மணி அடிக்கிறது. கேட் திறக்கிறது. மோதிரங்கள் உயிர்பெற்று நூலைப் பிரித்துக்கொண்டே ஓட, பின்னாலேயே காப்பி. மோதிரம் தன் இடத்தை விட்டு ஓடியதும் அந்த இடத்தில் டிக்கெட் கிழிந்துவிட்டது. புது மோதிரம் மாட்ட முடியாதபடி கவுன்ட்டர் மூடியாகிவிட்டது.

மூடுவது யார்? மோதிரத்தை மாட்டிவிடும் ஒரு குமாஸ்தாப் புரதத்தைச் செல் அழித்துவிடுகிறது. அப்படியும் தப்பித்த குமாஸ்தாக்களின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது. 1998-ல் கண்டுபிடித்தார்கள். பெயர் ஜெமினின். ஜெமினி என்றதும் உங்களுக்குக் கணேசனோ ஃப்ளைஓவரோ ஞாபகம் வரலாம். நிஜமான அர்த்தம் இரட்டையர். நம் மிதுன ராசி.

அந்த மணியை அடிப்பது சைக்ளின் என்ற புரதமும் அதன் கூட்டாளியும். 1982-ல் டிம் ஹன்ட் என்ற இங்கிலாந்துக்காரர், உடம்பெல்லாம் முள்ளோடு கடலடியில் கிடக்கும் ஸீ அர்ச்சின் என்ற பிராணியின் முட்டைகளில் இதைப் பார்த்தார். செல் பிரியப் பிரிய இந்தப் புரதம் ஏறுகிறது, சட்டென்று காணாமல் போகிறது, மறுபடி ஏறுகிறது. அவருக்கும், ஈஸ்ட்டை வைத்து இதே கதையின் மற்றப் பகுதிகளைக் கண்டுபிடித்த லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவருக்கும் 2001-ல் நோபல் பரிசு. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் சமாசாரத்திலிருந்து நம் புற்றுநோயின் ரகசியம்!

★ ★ ★

இப்போது கெட்ட செய்தி. எங்கே டிக்கெட் உண்டோ அங்கே பிளாக் டிக்கெட்டும் உண்டு.

குமாஸ்தாப் புரதங்கள் அளவுக்கு மீறிப் பெருகினால், மூடிய கவுன்ட்டர் வழியாகவும் டிக்கெட் போகும். ஒரே பகுதி இரண்டு தடவை, மூன்று தடவை காப்பியாகும். நூல் சிக்கலாகி அறுந்து போகும். இது ஒரு வகை. இன்னொரு வகை, மணி சீக்கிரமே அடித்துவிடுவது. டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் படம் ஆரம்பித்துவிட்டால், பாதிப் பக்கங்கள் காப்பியாகாமலே செல் பிரியும். இரண்டிலும் முடிவு ஒன்று: தப்பும் தவறுமான ஜாதகத்தோடு ஒரு செல் வெளியே வருகிறது.

ஆனால் செல்லிடம் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். பெயர் பி-53. கண்டுபிடித்தது 1979. நூலில் அறுப்போ பிழையோ தெரிந்தால் 'நிறுத்து, ரிப்பேர் பண்ணு' என்பார். ரிப்பேர் ஆகாத கேஸ் என்றால், அந்தச் செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்வார். செல்லும் மறுபேச்சில்லாமல் செய்துகொள்ளும்! 1992-ல் டேவிட் லேன் என்ற விஞ்ஞானி இவருக்கு 'மரபணுத் தொகுதியின் காவலர்' என்று பட்டம் கொடுத்தார். யானைக்கு அவ்வளவு பெரிய உடம்பிருந்தும் புற்றுநோய் அபூர்வம். 2015-ல் எண்ணிப் பார்த்ததில் யானையிடம் இந்த மரபணு 20 ஜோடி இருக்கிறது. நமக்கு ஒரே ஜோடி.

மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த ஆடிட்டர் செத்துப்போயிருக்கிறார், அல்லது வேலை மறந்திருக்கிறார். 2003-ல் சோதனைச்சாலையில் குமாஸ்தாக்களை வேண்டுமென்றே பெருக்கிப் பார்த்தார்கள். ஆடிட்டர் சரியாக இருந்த செல்கள் சமாளித்தன. ஆடிட்டர் இல்லாத செல்கள் மறுபடி மறுபடி காப்பி எடுத்துத் தள்ளின.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் தந்திரமே இதுதான். அதன் ஒரு புரதம் ஆடிட்டரை அழிக்கிறது. இன்னொன்று, மணி அடிக்கும் முன் வாசலில் நிற்கும் ஆர்பி என்ற வாட்ச்மேனைத் தள்ளிவிடுகிறது. இதற்கு 2006-லிருந்து தடுப்பூசி இருக்கிறது. வீட்டில் சின்னப் பெண் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

★ ★ ★

சரி, பெரியப்பாவின் கேள்வி?

அதற்குப் பதில் டைப்பிங் மிஸ்டேக்கில் இருக்கிறது.

காப்பி எடுக்கும் எந்திரம் லட்சம் எழுத்துக்கு ஒன்று தப்பாக அடிக்கும். 600 கோடிக்கு அறுபதாயிரம் தப்பு! ஆனால் அடித்த கையோடு அதுவே திரும்பிப் பார்த்துத் திருத்தும். அதற்கும் தப்பியதைத் திருத்த இன்னொரு கோஷ்டி பின்னாலேயே வரும். டி.என்.ஏ. ரிப்பேர் வேலைகளை ஆராய்ந்த மூவருக்கு 2015-ல் நோபல் கிடைத்தது. எல்லாம் முடிந்து பார்த்தால் நூறு கோடி எழுத்துக்கு ஒரு தப்பு, அல்லது அதற்கும் குறைவு. எந்த ஆபீஸிலும் இப்படி ஒரு டைப்பிஸ்ட் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு காப்பிக்கும் ஓரிரு பிழை தங்கித்தான் போகிறது.

பெருங்குடலின் உள் உறை நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதுசாகிறது. எழுபது வருஷத்துக்கு எத்தனை காப்பி, எத்தனை பிழை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் ஒன்றும் செய்யாது. என்றைக்காவது ஒன்று குமாஸ்தாவின் மேஜையில் விழும், ஒன்று வாட்ச்மேன் மேல், ஒன்று ஆடிட்டர் மேல். ஒரே செல்லில் இப்படிப் பல பிழை சேர்ந்தால்தான் புற்றுநோய்.

2017-ல் அமெரிக்காவில் தொமசெட்டி, வோகல்ஸ்டைன் இருவரும் 32 வகைப் புற்றுநோய்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். புற்றுநோயை உண்டாக்கும் மாற்றங்களில் 66 சதவீதம் இந்தக் காப்பிப் பிழைகள். 29 சதவீதம் புகை மாதிரி வெளிக் காரணங்கள். 5 சதவீதம் பரம்பரை என்றார்கள். இந்தக் கணக்கை எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. இது மாற்றங்களின் கணக்கு, நோயாளிகளின் கணக்கு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்று பிழை சேர்ந்தால் வருகிற நோயில் ஒரு பிழையைத் தடுத்தாலும் நோயைத் தடுக்கலாம். நுரையீரல் புற்றுநோயில் இந்த விகிதமே தலைகீழ், பெரும்பங்கு புகை.

ஆனாலும் அதைப் படித்த ராத்திரி எனக்கு நிம்மதியாக இருந்தது. போன ஜென்மமும் இல்லை, பாவமும் இல்லை. எழுபது வருஷம் உண்மையாக உழைத்த ஒரு டைப்பிஸ்ட்டின் கை தவறியிருக்கிறது. அவ்வளவுதான்.

★ ★ ★

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து கீமோதெரபி ஆரம்பித்திருந்தது. வாயெல்லாம் புண். ரசம் சாதம் சாப்பிட்டால் மிளகாய்ப்பொடி தின்ற மாதிரி எரிகிறது என்றார்.

"ஏன் தெரியுமா பெரியப்பா?" என்று என் மூன்று மாதப் படிப்பை இறக்கினேன். அவருக்கு ஏற்றிய மருந்து செய்கிற வேலை, நாலு எழுத்தில் 'டி' என்ற எழுத்தைத் தயாரிக்க விடாமல் செய்வது. எழுத்து இல்லாவிட்டால் காப்பி பாதியில் நிற்கும். காப்பி எடுக்கிற செல் சாகும். புற்றுநோய்ச் செல் மட்டுமா காப்பி எடுக்கிறது? வாய், குடல் இவற்றின் உறைகளும் ஓயாமல் எடுக்கின்றன. அதனால்தான் வாய்ப்புண். 1957-ல் வந்த மருந்து அது.

இந்த யோசனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் நம் சென்னை மெடிக்கல் காலேஜில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர். சுதந்திரப் போராட்டக் காலத்தில் கதர் கோட்டு போட்டுக்கொண்டு வந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு டிகிரி கிடைக்காமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தவர். அமெரிக்கா போய், ஒரு மருந்துக் கம்பெனியில் அவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், ஃபோலிக் ஆசிட் வைட்டமினுக்குப் போலிகளை உருவாக்கினார்கள். 'டி' எழுத்துத் தயாரிப்புக்கு அந்த வைட்டமின் வேண்டும்; போலி போனால் தயாரிப்பு நிற்கும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தாற்காலிகமாகவாவது நோய் பின்வாங்கியது. 1948-ல் இது வெளிவந்தது. அதே வருஷம் சுப்பாராவ் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கவுன்ட்டர், கேட், மணி, கிழித்த டிக்கெட். கேட்டு முடித்து, மெதுவாகச் சொன்னார்:

"இதுக்கு எதுக்குடா சினிமா கொட்டகை? கருவூலத்துல பில்லுக்குப் பணம் கொடுத்ததும் வவுச்சர் மேல 'பெய்டு அண்ட் கேன்சல்டு'னு ஒரு முத்திரை குத்துவோம். அதே வவுச்சர்ல ரெண்டாம் தடவை பணம் வாங்க முடியாது. முத்திரை குத்த மறந்தா கஜானா காலி. முப்பத்து நாலு வருஷம் நான் பண்ணினது அந்த வேலைதானே?"

இரண்டு வருஷம் உயிரியல் படித்தவன்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டான்.

"அப்போ என் கணக்குல ஆடிட் அப்ஜெக்ஷன் இல்லைங்கறே."

"இல்லை பெரியப்பா. ஆனா ரத்தம் வந்ததும் டாக்டரைப் பார்த்திருக்கணும். ஆறு மாசம் தள்ளினது மட்டும் உங்க தப்பு."

"ஒத்துக்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சரி, உன் வாயில இருக்கிற புதினா மிட்டாய்க்கு என்னடா கணக்கு?"

மிட்டாயை விழுங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிகரெட் புகையில் பென்ஸோபைரீன் என்று ஒரு சரக்கு இருக்கிறது. உடம்புக்குள் போய் உருமாறி, நேராக ஆடிட்டர் பி-53-ன் மரபணுவில், நுரையீரல் புற்றுநோயில் எந்தெந்த இடங்கள் கெட்டிருக்குமோ அதே இடங்களில் ஒட்டிக்கொள்கிறது. 1996-ல் கண்டுபிடித்தார்கள். 2016-ல் இன்னொரு கணக்கு: ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருஷம் ஊதினால், நுரையீரலின் ஒவ்வொரு செல்லிலும் சராசரியாக 150 மாற்றம் சேர்கிறது. பாக்கெட் என்றால் இருபது சிகரெட். நான் நாளைக்கு நாலு, எட்டு வருஷம். பி.காம். மூளை தானாக வகுத்துப் பெருக்கிப் பார்த்தது. 240. டைப்பிஸ்ட் கை தவறினால் அது விபத்து. நான் டைப்பிஸ்ட்டின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. 2020-ல் வந்த ஆராய்ச்சிப்படி, விட்டவர்களின் மூச்சுக்குழாயில், அநேகமாகப் பழுதில்லாத செல்கள் விடாதவர்களைவிட நாலு மடங்கு அதிகம். எங்கோ ஒளிந்திருந்த நல்ல செல்கள் வெளியே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

பெரியப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப். போன தடவை ரிப்போர்ட்டை அவரே வரிவரியாகப் படித்து, மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். பழக்கதோஷம்.

நான் விட்டு இன்றோடு முப்பத்தேழு நாள். ஒரு மண்டலம் முடிந்ததும் அவரிடம் சொல்லலாமென்று இருக்கிறேன். அதற்குள் இந்த இதழ் அவர் கைக்குப் போய்ச் சேராமல் இருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் கொஞ்சம் தயவு பண்ணவும்.